ஆப்பிள் பாடம் ஏற்கெனவே முடிந்துவிட்டது: குய்சோ மலைப்பள்ளி நாட்குறிப்பு

2023 அக்டோபர் 21, சனி

நான் வசிக்கும் தென்சீன நகரமான ஷென்செனின் வடக்கு நிலையத்தில் ஏறினால் நான்கு மணி நேரம் சொச்சத்தில் குய்சோ மாகாணத்து மலை மாவட்டமான சோங்ஜியாங். குய்லின் தாண்டியதும் சுரங்கங்கள் தொடங்கிவிட்டன. ஒரு மலையைப் பார்த்து "அடடா" சொல்லி முடிப்பதற்குள் இருட்டு. வெளியே வந்தால் வேறு மலை. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்ததால், தயார் செய்து வைத்திருந்த பாடங்களைப் புரட்டிக்கொண்டு வந்தேன். நிறங்கள், பழங்கள், விலங்குகள். படம் போட்ட அட்டைகளே ஒரு கிலோ தேறும்.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் தன்னார்வலர் குழு ஒன்று உண்டு. பருவத்துக்கு ஒரு தடவை நாலைந்து பேரைக் குய்சோ மாகாணத்து மலைப்பள்ளி ஒன்றுக்கு அனுப்புவார்கள். இந்த முறை, ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவர் யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்று பள்ளியிலிருந்து கேட்டிருந்தார்கள். எங்கள் மாடியில் அதற்குப் பொருந்தியது நாமக்கல்லில் பிறந்த நான் மட்டும்தான். பள்ளிக்காரர்கள் மனதில் இருந்தது தங்க நிற முடிக்காரர் என்பது எனக்கும் தெரியும், குழுத் தலைவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

ரயில் நிலையத்தை ஒட்டிய ஊரில் இரவுத் தங்கல். முன்பதிவு செய்திருந்த விடுதியில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் வரவேற்பில் இருந்த பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவருடைய கணினி சீன அடையாள அட்டையைத்தான் வாங்கும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பதிய வழியில்லை. "மன்னிச்சிக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், அறை மட்டும் தரவில்லை. அடுத்த விடுதியிலும் இதே கதை. மூன்றாவது விடுதி நடத்தும் அம்மாள் கணினியைத் தொடவே இல்லை, நேராகக் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் மின்சார ஸ்கூட்டரில் வந்து பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தார், எங்கே போகிறோம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், பெட்டியை மாடி வரை தூக்கியும் கொடுத்தார். மணி பத்து. அறைக்கு 120 யுவான். அப்போது ஒரு யுவான் பதினொன்றரை ரூபாய் கணக்கு.

பட்ட அலைச்சலுக்கு இரவுச் சாப்பாடு ஈடுகட்டியது. தக்காளியையும் மிளகாயையும் புளிக்க வைத்துச் செய்த சிவப்புச் சாறு அடுப்பில் கொதிக்க, அதில் மீனைத் துண்டு துண்டாகப் போட்டு வேக வைக்கிறார்கள். முதல் கரண்டியிலேயே எங்கள் வீட்டு ரசத்துக்குள் மீன் நீந்தி வந்துவிட்டது மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள வைத்த மிளகாய்க் கலவையில் வெள்ளை வேர் ஒன்றைப் பொடியாக நறுக்கிப் போட்டிருந்தார்கள். பச்சை மீன் நாற்றம். இந்த ஊர்க்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காதாம். எனக்கு அது இருந்ததால் இறங்கவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

"வானம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெளுக்காது, நிலம் மூன்று லீ தூரம் சமமாகக் கிடக்காது, ஆள் மடியில் மூன்று காசு வெள்ளி தங்காது." குய்சோவைப் பற்றிச் சீனர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு. முதல் இரண்டும் இன்றைக்கும் உண்மை. வேன் கிளம்பியதிலிருந்து தூறல், ஏறியதிலிருந்து வளைவு.

மூன்றாவதைப் பற்றி அரசு வேறு கணக்குச் சொல்லும். நாடு முழுக்க 832 மாவட்டங்கள் வறுமைப் பட்டியலில் இருந்தன. கடைசியாக மிஞ்சிய ஒன்பதும் குய்சோவில்தான். அதில் சோங்ஜியாங்கும் ஒன்று. 2020 நவம்பர் 23 அன்று அந்த ஒன்பதையும் நீக்கிவிட்டுப் பட்டியலையே மூடிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற மாற்றமும் இருக்கிறது. மலையுச்சி வரை சிமென்ட் சாலை, அதற்கும் மேலே செல்போன் கோபுரம், ஆரஞ்சுக் கூடை வைத்து வழியோரம் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் கியூஆர் அட்டை. நாங்கள் நாலு கிலோ வாங்கினோம். பாட்டி கைப்பேசியைக் காதருகே வைத்து, காசு வந்துவிட்டதாக அது சொல்வதைக் கேட்ட பிறகுதான் பையைக் கொடுத்தார்.

இது சீனாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான தோங் மக்களின் பகுதி. வேக வைத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டரிசி நெல்லின் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கதிரை மட்டும் கொய்து, கட்டுக் கட்டாக ஆளுயரத்துக்கும் மேலான மரச் சட்டங்களில் காயப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஊரின் முகப்பிலும் மஞ்சள் சுவர் எழுப்பியது போல அந்த வரிசை. வயலில் நெல்லோடு கெண்டை மீனும் வாத்தும் சேர்த்து வளர்க்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011-இல் இந்த முறையை வேளாண் மரபுச் சொத்தாக அறிவித்தது. டிரைவருக்கு அதில் பெருமை இருந்தாலும், "இப்ப கதிர் அறுக்க ஆள் எங்க இருக்கு? எல்லாம் கிழவன் கிழவிதான்" என்றார்.

பள்ளிக்கூடம் மூன்று மாடிக் கட்டடம், பளிச்சென்று இருக்கிறது. மதியத்துக்கு மேல் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள், முதுகில் பை, கையில் ஒரு வாரத்துத் துணி. 2001-க்குப் பிறகு சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளை மூடி நடுவில் ஒரு பெரிய பள்ளியாகச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 2012-இல்தான் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். அதற்குள் மூடியவை மூடியதுதான். அதனால் ஒன்பது, பத்து வயதிலேயே ஞாயிறு மாலை முதல் வெள்ளி வரை விடுதி வாழ்க்கை.

எனக்கு ஆசிரியர் குடியிருப்பில் இடம் கிடைத்தது, ஆங்கில ஆசிரியையின் பக்கத்து அறை. வயது இருபத்தைந்து இருக்கும், அவரும் தோங். என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு வெந்நீர்ப் பிளாஸ்கைக் கையில் கொடுத்தார். "அக்கா, கொதிகலன் ஏழரை மணிக்கு மூடிடும். இப்பவே பிடிச்சு வச்சிக்குங்க." குளிக்க வாளித் தண்ணீர், கழிப்பறை கட்டடத்துக்கு வெளியே. இரண்டுக்கும் நடுவே பாசி பிடித்த படிக்கட்டு. இருட்டுவதற்குள் அதில் ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்தாயிற்று.

அக்டோபர் 23, திங்கள்

கொடியேற்றம். சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய பிள்ளைகள் வரிசையாக நிற்க, தலைமையாசிரியர் எங்களை அறிமுகம் செய்தார். ஐந்நூறு ஜோடிக் கண்களும் என்மேல்தான்.

முதல் பாடவேளை நாலாம் வகுப்பில். "ஹவ் ஆர் யூ?" என்றேன். கூரை அதிர்ந்தது: "ஐயாம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" சீனாவில் இந்தப் பதில் தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. மூன்று வாக்கியத்தையும் ஒரே மூச்சில், ஒரே ராகத்தில் சொல்லி முடிப்பார்கள். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று யாராவது சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.

இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் சின்னச் சலசலப்பு. ஷென்செனில் வேலை என்றதும் பெஞ்சுகளே எழுந்துவிட்டன. "எங்கம்மா அங்கதான்!" "எங்கப்பா டோங்குவான்ல!" "எங்க சித்தப்பா ஃபோஷான்!" அந்த வகுப்பில் அப்பா அம்மா இரண்டு பேருமே ஊரில் இருக்கும் பிள்ளைகள் யார் என்று கேட்டேன். நாலைந்து கைகள் உயர்ந்தன, அதுவும் ஏதோ சங்கடத்தோடு. நான் தினமும் கடந்து போகும் தொழிற்சாலை வாசல்களில் பணி மாறும் நேரத்தில் வெளியே வரும் நீலச் சட்டைக்காரர்களின் பிள்ளைகள் இவர்கள். 2018-இல் அரசே எண்ணியபோது, கிராமங்களில் இப்படி விடப்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்க 69 லட்சத்துக்கு மேல்.

இன்று சீனச் சந்திர நாட்காட்டிப்படி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், முதியோருக்கான திருநாள். மாலையில் எல்லோரும் வாழ்த்து அட்டை செய்தார்கள். தாத்தா பாட்டிக்கு அட்டை என்பது வேறு ஊரில் ஒரு சடங்காக இருக்கலாம். இங்கே காலையில் எழுப்பி, தலை சீவி, சோறு போட்டு அனுப்புகிற ஆளே அவர்கள்தான்.

இரவு என் படக் கட்டுகளை ஆங்கில ஆசிரியையிடம் காட்டினேன். முதல் அட்டையே ஆப்பிள். அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "அக்கா, வர்ற குழு எல்லாம் ஆப்பிள்ல ஆரம்பிச்சு யானைல முடிச்சிட்டுப் போயிடுது. எங்க பிள்ளைங்க ஆப்பிளை நாலு தடவை படிச்சாச்சு." அட்டைகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். நாலு தடவை படித்த பழத்தை ஐந்தாம் தடவையும் கொடுப்பானேன்?

அக்டோபர் 24, செவ்வாய்

காலையில் நூடுல்ஸ் கடை. அரிசி நூடுல்ஸ், மேலே வறுத்த சோயாபீன்ஸ், மிளகாய் எண்ணெய். 9 யுவான். கடைக்காரர் வெள்ளை வேரைப் போடக் கை ஓங்கினார். நான் போட்ட சத்தத்தில் நிறுத்திவிட்டார்.

ஆசிரியை கேட்டபடி மூன்றாம் வகுப்புக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஆங்கிலம் தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான். ஆனால் ரோமன் எழுத்துகள் முதல் வகுப்பிலேயே பழக்கம், சீன உச்சரிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை வழியாக. அங்கேதான் சிக்கல். பூனைப் படம் எதுவும் காட்டாமல் 'கேட்' (cat) என்ற சொல்லைப் பலகையில் எழுதினேன். முன்வரிசைப் பையன் கொஞ்சமும் தயங்காமல் "த்ஸாத்" என்றான். பின்யினில் அந்த முதல் எழுத்துக்கு 'த்ஸ' ஒலிதான், அவன் மேல் குற்றமே இல்லை. 'ஹீ' எழுதினால் "ஹ" என்கிறார்கள், 'ஷீ' எழுதினால் "ஷ". ஒரே எழுத்துக்கு இரண்டு சட்டம். பலகையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் சீன வீடு, வலப்பக்கம் ஆங்கில வீடு என்று வைத்துக்கொண்டோம். நான் எந்தப் பக்கம் நிற்கிறேனோ அந்தப் பக்கத்து ஒலியைச் சொல்ல வேண்டும். நான் அங்குமிங்கும் ஓட ஓட அவர்களுக்கு உற்சாகம். எனக்கு மூச்சு வாங்கியது.

இன்னொன்று தற்செயலாகப் பிடிபட்டது. எங்கள் குழுத் தலைவர் நல்ல பல்கலைக்கழகத்தில் படித்தவர். இன்றைக்கும் 'டீம்' என்பதை "டீமு" என்பார், 'கப்' என்பதைக் "கப்பு" என்பார். அவருடைய சீனத்தில் சொல் 'ம்'மிலும் 'ப்'பிலும் முடியாது. இந்தப் பிள்ளைகள் மட்டும் டீம், கப், மேப் எல்லாவற்றையும் கத்தரித்தது போல் முடிக்கிறார்கள். ஆசிரியையிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்து, தோங் மொழியில் சில சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "அட, எங்க பேச்சுல அப்படித்தானே முடியுது!" வீட்டில் தோங், பள்ளியில் சீனம், மூன்றாவதாக ஆங்கிலம். வீட்டு மொழி ஆங்கிலத்துக்கு இடைஞ்சல் என்றுதான் அவருக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். தோங் மொழிக்கும் 1958-இல் ரோமன் எழுத்தில் ஓர் எழுத்துமுறை உருவாக்கியிருக்கிறார்கள். சொல்லின் கடைசியில் வரும் எழுத்தே அதன் சுரத்தை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். அலமாரியில் தேடிப் பழைய புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். இந்தப் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

அக்டோபர் 25, புதன்

இன்றைக்கு எழுத வேண்டியது இரவு நடந்ததுதான்.

பிள்ளைகள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது. 2021 தொடக்கத்தில் வந்த உத்தரவு. அதனால் புதன்கிழமை இரவுப் படிப்பு நேரம் முடிந்ததும் ஆங்கில ஆசிரியையின் அறை வாசலில் வரிசை நிற்கிறது. அவருடைய சொந்தப் போனில் அப்பா அம்மாவோடு வீடியோவில் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். கதவோரம் ஒரு சமையலறைக் கடிகாரம். மணியடித்தால் அடுத்த ஆள்.

பெரும்பாலும் பேச்சே இல்லை. திரையில் ஒரு முகம், இங்கே ஒரு முகம். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிருதா?" "இல்லை." ஒரு பையன் முழு நேரமும் தன் விழுந்த பல்லின் ஓட்டையைக் கேமராவுக்குள் நுழைத்துக் காட்டினான். இன்னொருத்தனுக்கு அப்பா எடுக்கவே இல்லை. இரவுப் பணியாம். அவன் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றான், மறுபடியும் எடுக்கவில்லை.

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அம்மா தொழிற்சாலை விடுதியில், இரட்டை அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில், கழுத்தில் அடையாள அட்டையோடு. பின்னால் யாரோ துணி உலர்த்துகிறார்கள். இவள் எடுத்த எடுப்பில் "ஹவ் ஆர் யூ?" என்றாள். அம்மா திகைத்தார். "அப்படி கேட்டா, ஐயாம் ஃபைன் தேங்க் யூ அண்ட் யூ-ன்னு சொல்லணும்மா." அம்மா ஒரு தடவை முயன்றார், நாக்கு சுழன்றது, பின்னால் துணி உலர்த்தியவர் சிரித்தார். இரண்டாம் தடவை பாதி வந்தது. மகள் விடவில்லை. மணி அடித்தபோது 'தேங்க் யூ' வரை வந்திருந்தார்கள். ஆசிரியை கடிகாரத்தைத் திருப்பி இன்னொரு மூன்று நிமிடம் வைத்தார். வரிசையில் யாரும் முனகவில்லை.

நான் வந்த ரயில் தடம் நினைவுக்கு வராமல் இல்லை. நான்கு மணி நேரத் தூரம். ஆனாலும் இந்த அம்மா வருவது வருடத்துக்கு ஒரு தடவை, சீனப் புத்தாண்டுக்கு. கூட்டிக்கொண்டு போய் ஷென்செனில் படிக்க வைக்கலாமே என்றால், பள்ளி, தேர்வு உரிமைகளைச் சொந்த ஊரோடு கட்டிப்போடும் குடும்பப் பதிவு இங்கே இருக்கிறது. அரசுப் பள்ளியில் இடம் வாங்குவது மலையேற்றம். அப்படியே வாங்கினாலும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் பதிவு உள்ள மாகாணத்துக்குத் திரும்பி வர வேண்டிய நிலைதான் பலருக்கு. ரயிலை வேகமாக்கியவர்கள் இந்தப் பதிவேட்டையும் கொஞ்சம் வேகமாக்கியிருக்கலாம்.

அக்டோபர் 27, வெள்ளி

மதியச் சாப்பாடு பற்றி ஒரு பத்தி. 2011-இல் கிராமப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 3 யுவான் என்று தொடங்கிய சத்துணவு உதவி, 2014-இல் 4 ஆகி, 2021-இல் 5 ஆனது. இன்று சோறு, முட்டைக்கோஸ், டோஃபுவில் ஒட்டிக்கொண்டிருந்த பன்றிக்கறித் துண்டுகள், தண்ணீராக ஒரு சூப். சோறு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். 1982-லேயே சத்துணவைத் தொடங்கிவிட்ட மாநிலத்துக்காரி என்ற கர்வத்தோடு தட்டைப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கிண்ணத்தைக் கழுவி, மேசையைத் துடைத்து, தலையைக் கவிழ்த்து அங்கேயே குட்டித் தூக்கம் போட்டதைப் பார்த்ததும் கர்வம் கொஞ்சம் அடங்கியது. பிற்பகலில் ஒலிபெருக்கி சொல்லச் சொல்லக் கண்ணைச் சுற்றி விரலால் அழுத்தும் பயிற்சி. மொத்தப் பள்ளியும் கண்ணை மூடியிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பின்பெஞ்சில் மட்டும் ஒரு கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்று மணிக்கு மேல் பள்ளி காலி. போகிற போக்கில் பையன்கள் மைதானத்தில் ஒரு ஆட்டம் போட்டார்கள். பக்கத்து மாவட்டம் ரோங்ஜியாங்கில் இந்த மே மாதம் தொடங்கிய கிராமக் கால்பந்துப் போட்டி நாட்டையே ஆட்டி வைத்துவிட்டது. இங்குள்ள பையன்களுக்கு உலகக் கோப்பை வீரர்களைவிட அந்த மீன் வியாபாரி, கறிக்கடைக்கார வீரர்களைத்தான் பிடிக்கும்.

அக்டோபர் 28, சனி

வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வருவதும் ஆசிரியர் வேலையில் சேர்த்தி. ஆங்கில ஆசிரியையோடு நானும் தொற்றிக்கொண்டேன். புதன்கிழமை பார்த்த சிறுமியின் ஊர், மண்ணும் சரளையுமாக ஒரு மணி நேர நடை. ஊர் நடுவே ஆணி அடிக்காமல் மரத்தை மரத்தில் செருகியே அடுக்கடுக்காக எழுப்பிய முரசு கோபுரம். கீழே நெருப்பைச் சுற்றித் தாத்தாக்கள். ஊரில் நாங்கள் பார்த்த முப்பது வயது ஆள் ஆசிரியை மட்டும்தான், அவருக்கும் முப்பது ஆகவில்லை.

பாட்டி வயலில் இருந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கத்தி, விரல் இடுக்கில் கதிரைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கொய்கிறார். எங்களைப் பார்த்ததும் வயல் குழியிலிருந்து இரண்டு கெண்டையை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சீனம் அவருக்கு வராது. பேத்திதான் பாலம்.

சாப்பாடு வந்தது: சுட்ட மீன், வருடக்கணக்கில் ஊறிய உப்பு மீன், மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. சோற்றைக் கையால் கிள்ளி, உருட்டி, மீனோடு வாயில் போட வேண்டும். பாட்டி எனக்காகக் குச்சி தேடிக்கொண்டிருந்தபோதே நான் உருட்டிச் சாப்பிடத் தொடங்கிவிட்டேன். குச்சி தேடுவதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார், பேத்தியிடம் என்னவோ சொன்னார். "லாவ்ஷி (டீச்சர்), உங்களை நல்லா வளர்த்திருக்காங்கன்னு பாட்டி சொல்றாங்க." சீனாவில் இத்தனை வருடத்தில் என் கைக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

கடைசியில் விருந்தாளிக்கென்று ஒரு சட்டி வந்தது. பச்சையும் பழுப்புமாகக் கொதித்தது. மாட்டின் இரைப்பையில் பாதி செரித்த புல்லைப் பிழிந்த சாறு, அதோடு பித்தம், மூலிகை, மாட்டிறைச்சி. வயிற்றுக்கு நல்லதாம். ஒரு வாய் வைத்தேன். முதலில் கசப்பு, பிறகு தொழுவ வாசனை, அதற்குப் பிறகு வியப்பாக ஒரு குளிர்ச்சி. இரண்டாவது வாய்க்கு மனது வரவில்லை. அரிசி மது ஊற்ற வந்த தாத்தாவை மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லிச் சமாளித்தேன்.

கிளம்பும்போது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஷென்சென்லதான் இருக்கியாமே, என் மகனைப் பார்த்திருக்கியா?" ஒன்றே முக்கால் கோடிப் பேர் வாழும் ஊர் என்பதைப் பேத்தி பாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பாட்டி அதைக் காதில் வாங்காமல் மகனின் பெயரை இரண்டு தடவை சொன்னார்.

அக்டோபர் 30, திங்கள்

மழை. சனிக்கிழமை துவைத்த சட்டை இன்னும் ஈரம், முகர்ந்தால் பூஞ்சை. வகுப்பில் சுவரை அடைத்த தொடுதிரை இருக்கிறது, கணப்பு இல்லை. பிள்ளைகள் சட்டைக் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். பத்து மணிக்கு மின்சாரம் போனது, தொடுதிரையும் போனது. சரி, பாடலாம் என்று எண்களை நானே ஒரு மெட்டில் போட்டு ஆரம்பித்தேன். இரண்டாம் சுற்றிலேயே பின்வரிசைப் பெண்கள் தாங்களாகக் கீழ்ச்சுரத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள், முன்வரிசை மேலே போனது. யாரும் சைகை காட்டவில்லை. தோங் மக்களின் பலகுரல் சேர்ந்திசை 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது என்று படித்திருந்தேன். அது பத்து வயதுப் பிள்ளைகளிடம் இத்தனை சாதாரணமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. 'செவன்' மட்டும் இரண்டு குரலிலும் "செவுன்" என்றே வந்தது. விட்டுவிட்டேன்.

நவம்பர் 2, வியாழன்

இரவு ஆங்கில ஆசிரியையும் நானும் வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்தக் குளிருக்கு இதைவிட நல்ல கண்டுபிடிப்பு இல்லை.

ஆசிரியை வந்தது சிறப்புப் பணியிடத் திட்டத்தில். 2006-இல் தொடங்கியது, பட்டதாரிகளை மூன்று வருட ஒப்பந்தத்தில் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பும், சம்பளத்தின் பெரும்பங்கை மத்திய அரசு கொடுக்கும். மூன்று வருடம் முடிந்தபின் நிலைத்து நிற்கவும் வழி உண்டு. இவருக்கு இது மூன்றாவது வருடம். ஆங்கிலத்தோடு இசையும், ஒரு வகுப்புக்குக் கணக்கும் இவர்தான், இரவில் விடுதிப் பொறுப்பும். "ஒன்பதாம் வகுப்பு முடிச்சதும் தேர்வு இருக்குல்ல, அதுல பாதிப் பேர்தான் மேல்நிலைப் பள்ளிக்குப் போக முடியும். எங்க பிள்ளைங்களை வெளியே தள்றது பெரும்பாலும் ஆங்கில மார்க்குதான். சீனமும் கணக்கும் நகரத்துப் பிள்ளைங்களுக்குச் சமமா எடுக்கிறாங்க அக்கா."

அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுத்த குழு வருகிறதென்றால் பாடம் நடத்த ஆள் வேண்டாம். தன்னோடு ஆங்கிலத்தில் பேச ஒரு ஆள் வேண்டும். கல்லூரி முடித்த பிறகு இந்த இரண்டு வாரம்தான் வாய் திறந்து ஆங்கிலம் பேசினாராம். "நான் தப்பாப் பேசினா அம்பது பிள்ளைங்களும் தப்பாப் பேசும். என்னைத் திருத்தினா போதும்." எங்கள் குழுவின் திட்டப் பட்டியலில் ஆசிரியர் என்ற சொல்லே இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 4, சனி

நேற்று மாலையே விடைபெற்றாயிற்று. குழுத் தலைவருக்கு நிறுவனப் பெயர் போட்ட சிவப்புப் பதாகையோடு படம் வேண்டும். தூறலில் பிள்ளைகளை இருபது நிமிடம் நிற்க வைத்தோம். பதாகை நேராக விழவில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த இருபது நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை, அதை ரயிலில் அவரிடமே சொன்னேன். ஆசிரியை கேட்டதையும் சொன்னேன். "மேலிடத்துக்குப் படம் வேணுமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வாரத்துக்கு ஒரு மணி நேரம் நீங்க இங்கிருந்தே செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

பெட்டிக்குள் ஆரஞ்சுப் பழங்கள் பத்துப் பதினைந்து. யார் யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. அடுத்த பருவம் வருவீர்களா என்று கேட்டவர்களுக்குத் தெரியாது என்றுதான் பதில் சொன்னேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன முந்தைய குழுக்காரர்களின் பெயரெல்லாம் இன்னும் அவர்களுக்கு மனப்பாடம்.

நவம்பர் 15, புதன், ஷென்சென்

இணைய வகுப்பு தொடங்கிவிட்டது. புதன் மாலை ஆறரைக்கு ஆசிரியைக்கு மட்டும் முக்கால் மணி நேரம், கடைசிக் கால் மணி நேரம் நாலாம் வகுப்புக்கு. முதல் நாள் ஒலி மூன்று வினாடி தாமதம், கேமரா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்று பரவாயில்லை. ஆசிரியையின் 'ஹீ', 'ஷீ' குழப்பம் பாதி சரியாகிவிட்டது. பேசும்போது ஒலியில் தப்பில்லை, வேகத்தில் ஆளைத்தான் மாற்றிவிடுகிறார். தலைமையாசிரியரையே இரண்டு தடவை 'ஷீ' என்றார். நிறுவனத்திலிருந்து இந்த ஏற்பாட்டுக்கு இன்னும் எழுத்தில் அனுமதி வரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அடுத்த வாரம் பருவ இடைத் தேர்வு என்பதால் வகுப்பு கிடையாது.